உன்னைப் போல ஒருத்தி அதில் இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இதைப் படிக்கும்போது உன் அறை ஜன்னல் திரை விலகியிருக்க வேண்டும், நீ எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். போன் திரையைப் பார்த்தாலே கண்ணுக்குள் ஊசி குத்துகிறது என்று நீ சொன்னதால்தான் இந்தக் காகிதமும் பேனாவும். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று பள்ளிக்கூட நாளிலேயே சொல்வாய். இப்போது கோழிக்கு வயசும் ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் வீட்டுக்காரர் ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓடிப்போய் சரி செய்கிறார், நம் வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டுவதை மட்டும் காதிலேயே வாங்குவதில்லை. கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. புதிதாக ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தேன். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிகிறது, வாய்தான் திறப்பதில்லை. முடி வெட்ட வருகிறவர்கள் பாதி பேசத்தான் வருகிறார்கள் என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை.

அத்தான் போனில் சொன்னார், பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை உன்னைக் கூப்பிட்டுப் பேசினாராம். இனிமேலும் இப்படி லீவு போட்டால் சின்ன வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னாராம். அந்தப் பிள்ளைகளை விட்டால் உனக்கு உயிர் ஓடாது என்று எனக்குத் தெரியும். இன்னொன்றும் கேட்க வேண்டும். பாப்பா பிறந்தபோது உனக்கு வந்த காமாலைக்கு அப்புறம் வருஷா வருஷம் கல்லீரலுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்களே, இந்த வருஷம் எடுத்தாயா? எடுத்திருக்க மாட்டாய். அத்தானிடம் கேட்டால் உன்னைப் பார்க்கிறார், உன்னிடம் கேட்டால் கூரையைப் பார்க்கிறாய்.

இப்போது நல்ல செய்தி. சுகாதாரத் துறையில் ஒற்றைத் தலைவலிக்கென்று ஒரு குழு போட்டிருக்கிறார்கள். எந்த மருந்தால் எவ்வளவு நன்மை, எவ்வளவு கெடுதல் என்று இதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, அரசு மருத்துவமனைகளில் எதைக் கொடுக்கலாம், எதை வேண்டாம் என்று எழுதித் தருகிற குழு. டாக்டர்கள் மட்டும் உட்கார்ந்தால் போதாது, அந்த வலியோடு வாழ்கிறவர்கள் இரண்டு பேரும் வேண்டும் என்பது விதியாம். அந்த இரண்டு பேரில் ஒருத்தி உன் தங்கை. எனக்கு என்ன தகுதி என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மண்டை வலித்ததுதான் தகுதி என்றேன்.

அவர்கள் எடைபோடப் போவது எந்த மருந்தை என்று நினைக்கிறாய்? நான் சாப்பிட்ட அதே புது மாத்திரையை. நான் இருந்த இருப்பு உனக்குத் தெரியும். ஒரு பக்கம் வெட்டிய தலையோடு ஒரு அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பின்னறையில் ஈரத்துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு படுத்தேனே, அவர் அரைத் தலையோடு வீட்டுக்குப் போனாரே. அதற்கப்புறம்தான் பெரிய மருத்துவமனையில் நடந்த ஆராய்ச்சியில் சேர்ந்தேன். பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை, யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. காகிதத்தில் தெரியாமல் இருக்கலாம், தலைக்குத் தெரியாதா? இரண்டாவது மாதத்திலேயே வலி வருவது பாதியாகக் குறைந்தது. ஆராய்ச்சி முடிந்து மாத்திரை நின்று இத்தனை மாதமாகியும் அதன் சக்தி உடம்பில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்படியொரு மருந்து அது.

வெளியே வாங்கினால் நம் கைக்கு எட்டாத விலை. குழு சரியென்று எழுதிவிட்டால் உன் ஊர் அரசு மருத்துவமனையிலும் சும்மா கிடைக்கும். அதனால் நீ கவலையை விடு. உன் தங்கை உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். முதல் ஆளாகக் கை தூக்குவேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு முத்தம். வெயிலில் போகாதே.

உன் அன்புத் தங்கை

&nbsp;

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வந்தது. இரண்டு பக்கம் எழுதும் அளவுக்குத் தலை விட்டுவைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். கடைசி வரியில் எழுத்து கோணலாகப் போனதைப் பார்த்துத்தான் மனசு கேட்கவில்லை. குழுவில் எனக்காகப் பேச என் தங்கை இருக்கிறாள் என்று பாப்பாவிடம் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து தலையில் கிரீடம் வைத்த மாதிரி ஒரு பாரம்.

முதல் இரண்டு கூட்டமும் முடிந்துவிட்டன. அறிக்கை வெளியாகிறவரை என்ன முடிவு எடுக்கப் போகிறோம் என்று வெளியே சொல்லக் கூடாது, கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஆனால் உட்கார்ந்த இடத்தையும் பேசிய பேச்சையும் சொல்லலாம், அதற்கு யாரும் தடை போடவில்லை. நீளமான மேஜை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு தலையணை உயரத்துக்குக் காகிதக் கட்டு. மேலே ஒரு டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்தது. ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடுகிற கூட்டத்தில் ஒற்றைத் தலைவலி வரவழைக்கிற விளக்கு. ஒருத்தரும் கவனிக்கவில்லை. நான்தான் வெட்கத்தை விட்டு அதை அணைக்கச் சொன்னேன். தலைவர் வயசான நரம்பு டாக்டர், நல்ல மனிதர், அதுதான் இன்றைய முதல் உருப்படியான தீர்மானம் என்றார்.

முதல் நாள் எங்கள் இரண்டு பேரிடமும்தான் கேட்டார்கள். மருந்து வேலை செய்கிறது என்று நீங்கள் எதை வைத்துச் சொல்வீர்கள் என்று. வலிக்கிற நாள் குறைவது முக்கியம்தான், ஆனால் அதைவிட ஒரு வேலைக்கு வருகிறேன் என்று முன்கூட்டியே பயமில்லாமல் சொல்ல முடிவது எனக்கு முக்கியம் என்றேன். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்ய ஒத்துக்கொண்டுவிட்டு, அன்று காலையில் தலை என்ன சொல்லுமோ என்று விடிய விடியப் பயப்படுவது யாருக்குப் புரியும்? எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பிறகு தேடிப் பார்த்தால் அத்தனை ஆராய்ச்சியில் ஒன்றுகூட அதைக் கேட்கவில்லை. வலித்த நாட்களை மட்டும் எண்ணியிருக்கிறார்கள்.

எண்ணுவதற்கென்றே குழுவில் ஒரு அம்மா இருக்கிறார். புள்ளியியல் படித்தவர், நான் வைத்த பெயர் கணக்கு அம்மா. நறுக்கென்று கழுத்தோடு வெட்டிய நரைமுடி, யாரோ கைதேர்ந்தவர் வெட்டியது. முதலில் அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம், நான் என் கதையைச் சொன்னேன், பாதியாகக் குறைந்தது என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். கணக்கு அம்மா மட்டும் மெதுவாக, டம்மி சாப்பிட்டவர்களுக்கும் நிறையக் குறைந்திருக்கிறது என்றார். அசல் சாப்பிட்டவர்களுக்கு அதைவிட மாதத்தில் ஏறக்குறைய ஒரு நாள்தான் கூடுதலாகக் குறைந்திருக்கிறதாம்.

டம்மி எப்படிக் குறைக்கும் என்று நான் சண்டைக்கே போனேன். அவர் கோபப்படவில்லை. மழை கொட்டோ கொட்டென்று கொட்டும்போதுதான் குடை வாங்க ஓடுகிறோம், வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் மழை விடுகிறது, குடைதான் மழையை நிறுத்தியது என்று சொல்வீர்களா என்று கேட்டார். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆராய்ச்சியில் சேர்கிறார்கள், உச்சத்துக்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் இறங்கும், அதனால்தான் டம்மி கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்றார். அப்படியானால் என் வலி குறைந்தது பொய்யா என்று கேட்டேன். பொய் இல்லவே இல்லை, குறைத்தது எது என்பதுதான் கேள்வி என்றார். அந்த நேரத்தில் அது எனக்கு ஆறுதலாக இல்லை.

கெடுதல் பக்கத்தையும் பார்த்தோம். ஒரு பெரிய ஆராய்ச்சியில் பாதியில் மாத்திரையை நிறுத்திக்கொண்டு போனவர்களைக் கடைசிக் கணக்கிலேயே சேர்க்கவில்லையாம். கணக்கு அம்மா கண்டுபிடித்துச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியிலிருந்து பாதியில் எழுந்து போனவர்களை விட்டுவிட்டு, முடிகிறவரை உட்கார்ந்திருந்தவர்களிடம் மட்டும் கேட்டால் என் கடைதான் இந்த ஊரிலேயே முதல் கடை. அதைச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் போனவர்களைத் திரும்பச் சேர்த்துக் கணக்குப் போட்டதும் அந்த ஒரு நாளும் தேய்ந்துபோனது. போனவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டிருந்தது.

நோயாளிகள் பக்கம் என்னோடு இருப்பவர் ஒரு பஸ் டிரைவர். மீசை வைத்த பெரிய உருவம், குரல் மட்டும் சின்னது. அந்த மாத்திரையைச் சொந்தக் காசில் வாங்கிச் சாப்பிட்டவர். மூன்றாம் மாதம் கண் மஞ்சளாகி மருத்துவமனையில் கிடந்திருக்கிறார். இன்னும் முழு நேரம் வண்டி ஓட்ட முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல, என் மனசு என்ன சொன்னது தெரியுமா? ஐயோ பாவம், இவருக்கு மட்டும் ஏதோ ஆகிவிட்டது என்றது. எனக்கு நல்லது நடந்தால் அது மாத்திரையின் சக்தி, அவருக்குக் கெட்டது நடந்தால் அது அவர் நேரம். எவ்வளவு அழகாக நான் தராசு பிடிக்கிறேன் பார். தலைவர் எங்கள் இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு, ஒருவர் கதை இன்னொருவர் கதையை அடிக்க முடியாது, இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்ப்போம் என்றார்.

ஆராய்ச்சி முடிந்துவிட்டதால், அதில் இருந்தவர்கள் விரும்பினால் தங்களுக்குக் கிடைத்தது எது என்று மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமாம். எனக்கு என்ன தேவை என்று விட்டுவிட்டேன்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. அதுவரை எந்த முடிவுக்கும் போகாதே. ரத்தப் பரிசோதனை என்ன ஆயிற்று என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாமல் விட்டால் மறந்துவிடுவேன் என்று பார்க்கிறாய்.

பாப்பாவின் விழுந்த பல் முளைத்துவிட்டதா? எல்லோரும் சுகமாக இருங்கள்.

உன் தங்கை

&nbsp;

என் அக்காவுக்கு,

நீ போனை வைத்துவிட்டாய். நான் மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அத்தான் எடுத்து, அவள் படுத்திருக்கிறாள் என்றார். படுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், பின்னால் நீ பாத்திரத்தை வைத்த சத்தம் கேட்டது. அத்தான் தங்கமான மனிதர், பொய் சொல்லத்தான் வரவில்லை.

அதனால் எழுதுகிறேன். இதையும் கிழித்துப் போடலாம், ஆனால் கிழிக்கிறதுக்கு முன்னால் நீ படித்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். அறிக்கை வெளியானதும் போனில் நான் முடிவை மட்டும் சொன்னேன், அது முட்டாள்தனம். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

கடைசிக் கூட்டத்துக்கு முந்தின வாரம் பெரிய மருத்துவமனைக்குப் போனேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கணக்கு அம்மா சொன்ன குடைக் கதை காதை விட்டுப் போகவில்லை. ஒரு வாடிக்கையாளருக்குச் சாயம் பூசும்போதுகூட அதே நினைப்பு, நெற்றியெல்லாம் பூசிவிட்டேன். சரி, அசல்தான் என்று கேட்டுக்கொண்டு வந்து அந்த அம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன்.

ஆராய்ச்சி நடந்தபோது என்னைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் அங்கேயே இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கணினியில் என் எண்ணைப் போட்டாள். பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

டம்மி, அக்கா. அரை வருஷமும் நான் விழுங்கியது டம்மி. மருந்து ஒரு பொட்டுகூட இல்லை. ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேனே, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேனே, உன்னிடம் வருஷம் முழுக்கச் சொன்னேனே, அந்த மாத்திரை என் உடம்புக்குள் போகவே இல்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். பஸ் வந்தது, போனது, ஏறவில்லை. முதலில் அந்த நர்ஸ் மேல் கோபம், பிறகு கணக்கு அம்மா மேல், பிறகு என் மண்டை மேல். கடைசியில் வெட்கம்தான் மிஞ்சியது. வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர், அப்படியானால் உன் தலைவலியைக் குறைத்தது நான்தான் போலிருக்கிறது, நன்றிகூடச் சொல்லவில்லையே என்றார். அழுதுகொண்டே சிரித்தேன். பிறகு நன்றாக அழுதேன்.

கூட்டத்தில் இதை நானே எழுந்து சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கணக்கு அம்மாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்படியானால் என்னைக் குணப்படுத்தியது எது என்று கேட்டேன். தெரியாது என்றார். தானாக இறங்கியிருக்கலாம், வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கியதாக இருக்கலாம், வாராவாரம் நர்ஸ் கூப்பிட்டு விசாரித்ததாக இருக்கலாம், எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கலாம், ஒருத்தியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார். இவ்வளவு படித்தவர் வாயிலிருந்து தெரியாது என்ற சொல் இவ்வளவு சாதாரணமாக வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அதற்கப்புறம் அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

இப்போது உன்னைப் பற்றிய இடம். நிதானமாகப் படி.

மாத்திரையை அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. சிலருக்குக் கொஞ்சம் பலன் இருக்கிறது. பழைய மருந்துகளைச் சரியான அளவில், போதுமான காலம் சாப்பிட்டும் கேட்காதவர்களுக்குக் கொடுக்கலாம், மாதாமாதம் கல்லீரலுக்கு ரத்தம் பார்க்க வேண்டும் என்று முடிவானது. அப்புறம் தலைவர் கேட்டார், ஏற்கெனவே கல்லீரலில் கோளாறு உள்ளவர்களுக்கு என்ன எழுதுவது என்று. ஒரு டாக்டர், அவரவர் மருத்துவர் முடிவுக்கு விடலாம் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது உன் கதவு, அக்கா. அந்த ஒரு வரி அப்படியே போயிருந்தால் உன் ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார்.

கணக்கு அம்மா ஆராய்ச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, யாரையெல்லாம் சேர்த்தார்கள் என்ற பக்கத்தைத் திருப்பினார். கல்லீரல் கோளாறு இருந்தவர்களை எல்லா ஆராய்ச்சியிலும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். என்னையும் சேர்ப்பதற்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தார்களே, அது இதற்குத்தான். அத்தனை ஆயிரம் பேரில் உன்னைப் போல ஒருத்தி இல்லை. நல்லது செய்யுமா, தெரியாது. கெடுதல் செய்யுமா, தெரியாது. நல்ல கல்லீரல் இருந்தவர்களிலேயே சிலருக்குக் கெட்டிருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

பஸ் டிரைவர் அன்று அப்போதுதான் வாயைத் திறந்தார். தனக்கும் முன்னாலேயே காமாலை வந்திருந்தது, அந்த மாத்திரை வாங்கும்போது யாரும் கேட்கவில்லை, தானும் சொல்லவில்லை என்றார். அவர் ஒருத்தரை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று அதற்குள் நான் கற்றுக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் பேசும்போது நான் அவரைப் பார்க்கவில்லை, அந்த நாற்காலியில் உன்னைப் பார்த்தேன். மஞ்சள் கண்ணோடு நீ, பக்கத்தில் பாப்பா.

தனியாக ஆராய்ந்து பார்க்கிறவரை அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று எழுதலாமா என்று தலைவர் கேட்டார். கையைத் தூக்கச் சொன்னார். என் அக்கா இந்த மருந்துக்காகக் காத்திருக்கிறாள், அவளுக்குக் கல்லீரல் சரியில்லை என்று முதல் நாளே சொல்லிப் பதிவு செய்திருக்கிறேன், அதனால் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை, அது அவர்கள் பெருந்தன்மை. முதல் ஆளாகக் கை தூக்குவேன் என்று உனக்கு எழுதினேன். முதல் ஆளாகத்தான் தூக்கினேன், உன் கதவைச் சாத்துவதற்கு.

போனில் நீ கேட்டாய், எனக்காகப் பேசத்தானே நீ உள்ளே உட்கார்ந்தாய், நீயே இப்படிச் செய்யலாமா என்று. உனக்காகத்தான் பேசினேன். நீ கேட்டதைப் பேசவில்லை, அவ்வளவுதான்.

அத்தான் சிநேகிதர் மூலமாக ஒரு மாதத்து மாத்திரை வாங்கி வைத்திருக்கிறாய் என்று நீயே போனில் சொன்னாய். பெட்டி இன்னும் பிரிக்காமல் சமையலறை அலமாரியில் இருக்கிறது, அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று அத்தான் ரகசியமாகச் சொன்னார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. உன்னை அந்த அலமாரி வரைக்கும் கூட்டிப்போனது ஆராய்ச்சியும் இல்லை, டாக்டரும் இல்லை, என் வாய். உன் தங்கைக்குக் குணமானது என்று நம்பித்தான் வாங்கினாய். அது குணப்படுத்தியது இல்லை அக்கா. அந்தப் பெட்டியில் இருப்பது நான் சாப்பிட்டதே இல்லை. நான் சாப்பிட்டதில் மருந்து இல்லை, உன்னிடம் இருப்பதில் மருந்து இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

உன் வலி எனக்குத் தெரியாதா? காத்திரு என்று சொல்ல நான் யார் என்று நினைப்பாய். வெறும் காத்திரு என்று சொல்லவில்லை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற ஒரு பழைய மாத்திரையை உனக்கு முன்பு எழுதிக் கொடுத்தார்களே, ஒன்றும் கேட்கவில்லை என்று ஒரே வாரத்தில் தூக்கிப் போட்டாயே, அதைப் பற்றி நிறைய ஆராய்ச்சி இருக்கிறது. அது வேலை செய்ய இரண்டு மூன்று மாதமாவது ஆகுமாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அளவைக் கூட்ட வேண்டுமாம். உனக்கு ஆகுமா ஆகாதா என்று உன் கல்லீரல் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உன் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் பழையபடி என் வாய் பேசிய கதையாகிவிடும். அது ஆகாவிட்டால் வேறு என்ன இருக்கிறது என்று கேட்போம். எல்லோருக்கும் கேட்கும் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த மாதிரி பேசுவதை விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்து விஷயத்தையும் யோசித்தேன். வருகிற வியாழன் முதல் கடையை அந்தப் பேசாத பெண்ணிடம் விட்டுவிட்டு உன்னிடம் வருகிறேன். ரத்தப் பரிசோதனைக்குப் போவோம். டாக்டரிடம் உன் நிலைமைக்கு ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு தலைமை ஆசிரியையைப் பார்ப்போம். நான் பேசுகிறேன், நீ பக்கத்தில் நின்றால் போதும். வகுப்பறையில் விளக்கு எப்படி இருக்கிறது என்றும் பார்க்கிறேன். வலி வருகிற நாளில் பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், பிள்ளைகளின் காகித வேலையையும் வெட்டி ஒட்டித் தருகிறேன், கத்தரிக்கோல் வேலை எனக்குப் புதுசா.

நீ கதவைத் திறக்காமலும் இருக்கலாம். திறக்காவிட்டால் அத்தான் திறப்பார். என்னோடு பேச வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டாம், என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். நான் வருகிறவரை அந்தப் பெட்டியை மட்டும் பிரிக்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

அதற்கப்புறம் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் என் மேல் கோபமாக இரு. நல்லபடியாக இருந்து, நரைத்து, பல் போய், அப்போதும் என்னைத் திட்டிக்கொண்டே இரு. எனக்கு அது போதும், அக்கா.

உன் ஒரே தங்கை